கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான வழிகாட்டி

விளையாடுவதற்கென்று வீட்டில் முதன்முறையாகக் கணினி அமைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "என்விடியா வாங்கலாமா, ஏஎம்டி வாங்கலாமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அதைக் கடைசியில் கேட்க வேண்டும். உங்கள் மானிட்டர், நீங்கள் விளையாடப்போகும் விளையாட்டுகள், இப்போதுள்ள மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மூலப் பலகை), எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கணினி இருக்கப்போகும் அறை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், போட்டியிடும் கார்டுகளில் பாதி அந்தத் தாளாலேயே கழிந்துவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வரிசையிலேயே செல்கிறது. எடுத்துக்காட்டுகளாக, அமெரிக்காவில் 249 முதல் 429 டாலர் வரை அறிமுக விலை வைக்கப்பட்ட நடுத்தரக் கார்டுகளையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் படி: மானிட்டரைப் பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டின் வேலை, திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டு அனுப்புவது. 1080பி எனப்படும் 1920 பெருக்கல் 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் அது சுமார் 36.9 லட்சமாகிறது, 4கே திரையில் சுமார் 83 லட்சம். ஆகவே 1080பி திரையில் சீராக ஓடும் விளையாட்டை அதே கார்டில் 4கே தொலைக்காட்சிக்கு மாற்றினால், கார்டு நான்கு மடங்கு புள்ளிகளுக்கு உழைக்க வேண்டியிருக்கும். திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்று சொல்லும் ஹெர்ட்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, வரைந்து முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி அவகாசம் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த அவகாசம் 7 மில்லி விநாடிக்கும் கீழே இறங்கிவிடும்.

60 ஹெர்ட்ஸ் கொண்ட பழைய 1080பி திரையை மாற்றும் எண்ணம் இல்லாதவர், கார்டில் போடும் கூடுதல் பணத்தைத் திரையில் காண முடியாது. அப்படிப்பட்டவர் கார்டைச் சற்று மலிவாக வாங்கி, மிச்சத்தில் நல்ல மானிட்டர் வாங்குவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: விளையாட்டுகளை எழுதுங்கள்

வேலொரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டைவிடப் பிராசசரையே அதிகம் நம்பியிருக்கின்றன. அவற்றுக்காக மட்டும் விலையுயர்ந்த கார்டு தேவையில்லை. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டுகள் கார்டின் வேகம், நினைவகம், ஒளிக்கற்றைக் கணக்கீடான ரே டிரேசிங் ஆகிய மூன்றையும் சோதிக்கக்கூடியவை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாட்டும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடுவதற்காக உருவாக்கப்படவில்லை. ஜிடிஎக்ஸ் 1650, 1060 போன்ற பழைய கார்டுகளை விலை குறைவு என்பதற்காக இன்று தேடிப் போக வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாம் படி: இருக்கும் கணினி ஏற்குமா?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். பணம் வீணாவதும் இங்கேதான். கார்டு மதர்போர்டில் பொருந்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்குத் தலைமுறைகள் உண்டு. மூன்றாம் தலைமுறையில், தரவு செல்லும் ஒரு பாதைக்கு (லேன்) விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி தரவு செல்லும். ஒவ்வொரு புதிய தலைமுறையிலும் அது இரட்டிப்பாகும். ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்தால் எல்லாக் கார்டுகளும் 16 பாதைகளைப் பயன்படுத்துவதாகவே தோன்றும். ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 7600, இன்டெலின் ஆர்க் பி580 ஆகியவை 8 பாதைகளை மட்டுமே பயன்படுத்துகின்றன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு 4 பாதைகளும் 4 ஜிபி நினைவகமும்தான். அதைப் பழைய மதர்போர்டில் பொருத்துவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குத் தேவையான படத்தரவு முழுவதும் கார்டின் சொந்த நினைவகத்துக்குள் அடங்கியிருக்கும்வரை ஸ்லாட்டின் வேகம் பெரிதாகத் தெரியாது. நினைவகம் நிரம்பி வழியத் தொடங்கியதும், மிச்சத் தரவைக் கணினியின் ரேமிலிருந்து ஸ்லாட் வழியாகவே கொண்டுவர வேண்டியிருக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 தன் சொந்த நினைவகத்தோடு விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் பேசுகிறது. அதே கார்டு மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 8 பாதைகளில் விநாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி வேகத்தில்தான் வெளியிலிருந்து தரவை வாங்க முடியும். ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைத்தான், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு திடீரென்று திக்கி நிற்கும்போது நாம் பார்க்கிறோம். சராசரி பிரேம் எண்ணிக்கையில் இது முழுமையாக வெளிப்படாது என்பதால் விளம்பரங்களில் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது.

நம் ஊரில் பலர் முதலில் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கி, அதில் உள்ளடங்கிய கிராபிக்ஸிலேயே ஓராண்டு ஓட்டிவிட்டு, பின்னர் தனிக் கார்டு சேர்க்கிறார்கள். சிக்கனமான வழிதான், ஆனால் அந்தப் பிராசசர், எந்த மதர்போர்டில் இருந்தாலும், மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸை மட்டுமே தரும். இன்டெலின் 10ஆம் தலைமுறை கோர் பிராசசர்களுக்கும் அதே வரம்புதான். 11ஆம் தலைமுறையிலிருந்துதான் நான்காம் தலைமுறை ஸ்லாட் வேகம் கிடைக்கிறது. இத்தகைய கணினி வைத்திருப்பவர் 8 பாதை, 8 ஜிபி என்ற இரண்டு குறைகளும் சேர்ந்த கார்டை வாங்காமல், 16 பாதையோ 12 ஜிபிக்குக் குறையாத நினைவகமோ உள்ள கார்டைத் தேட வேண்டும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும். 8 பின் இணைப்பு ஒன்று மேலும் 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட், 5060 டிஐக்கு 180 வாட், 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கு 160 வாட், ஆர்க் பி580க்கு 190 வாட் என்று அந்தந்த நிறுவனங்கள் குறித்துள்ளன. இவற்றில் எதற்கும் தரமான 550 அல்லது 600 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். "தரமான" என்ற சொல்லை நான் அழுத்தியே சொல்கிறேன். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் மீது 500 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், அதில் 8 பின் இணைப்பும் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றும் இல்லையென்றால் கார்டோடு சேர்த்து அதையும் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றவே வசதியில்லை என்றால், தனி மின் இணைப்புக் கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வடிவம் ஒன்று இருக்கிறது. வேகம் குறைவு, ஆனால் பழைய அலுவலகக் கணினியிலும் வேலை செய்யும்.

கேபினட்டுக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா என்பதை அளவு நாடாவால் அளந்து பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: நினைவகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பெயரில் இரண்டு அளவு நினைவகத்தோடு கார்டுகள் விற்கப்படுகின்றன. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் 8 ஜிபிக்கு 379 டாலர், 16 ஜிபிக்கு 429 டாலர் என்றும், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதே ஆண்டு ஜூனில் 8 ஜிபிக்கு 299, 16 ஜிபிக்கு 349 என்றும் விலை குறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. பெட்டியின் பெரிய எழுத்தில் பெயர் ஒன்றுதான். ஜிபி எண் ஓரத்தில் இருக்கும். விலை கேட்கும்போதே எத்தனை ஜிபி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பில்லிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

8 ஜிபி போதுமா என்றால், 1080பி திரையில் போட்டி விளையாட்டுகளுக்கும் சில ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகளுக்கும் போதும். புதிய பெரிய விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில், ரே டிரேசிங்கும் சேர்த்து ஓட்ட விரும்புபவருக்கு இப்போதே இறுக்கமாக இருக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் மாற்றாமல் வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு, வேகத்தில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, நினைவகம் அதிகமுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். விளையாட்டின் அமைப்பைக் குறைத்து வேகக் குறையை ஈடுகட்ட முடியும். படங்களின் கூர்மையைக் கெடுக்காமல் நினைவகக் குறையை ஈடுகட்டுவது கடினம்.

ஐந்தாம் படி: இப்போது போட்டியாளர்களை ஒப்பிடுங்கள்

என்விடியாவின் வலிமை அதன் மென்பொருளில் இருக்கிறது. குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் நுட்பம் 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் இயங்குகிறது. மிகப் பல விளையாட்டுகள் அதை ஏற்றிருக்கின்றன. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்கும் மாணவர்கள் வீட்டில் இருந்தால் என்விடியாவே வசதி, ஏனெனில் அத்துறை மென்பொருள்களில் பெரும்பகுதி அதன் கூடா (CUDA) என்ற கணக்கீட்டு நுட்பத்தைச் சுற்றி வளர்ந்தவை.

ஏஎம்டியின் வலிமை, அதே விலைக்குக் கூடுதல் நினைவகம். டிஎல்எஸ்எஸ் போன்ற அதன் எஃப்எஸ்ஆர் நுட்பம் நெடுநாள் படத்தரத்தில் பின்தங்கியிருந்தது; 2025இல் ஆர்எக்ஸ் 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அது அந்தப் புதிய வரிசைக்கென்றே வெளியிடப்பட்டது. ஆகவே ஆர்எக்ஸ் 7600, 7600 எக்ஸ்டி கார்டுகளை விலை குறைத்துத் தருகிறார்கள் என்றால் அதையும் எண்ணிப் பாருங்கள். லினக்ஸில் விளையாட விரும்புபவருக்கு ஏஎம்டியே தொல்லை குறைந்தது, அதன் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அடங்கியிருக்கிறது.

இன்டெலின் ஆர்க் பி580 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியோடு வந்து இரு நிறுவனங்களையும் விழிக்க வைத்தது. அதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி இருந்து, அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய பிராசசர்களோடு இணைத்தால் அதன் வேகம் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைவதும் சோதனைகளில் வெளிப்பட்டது. புதிதாக முழுக் கணினியும் அமைப்பவர் அதைத் தயங்காமல் பட்டியலில் சேர்க்கலாம். ஆறேழு ஆண்டுப் பழைய கணினியை மேம்படுத்துபவர் சேர்க்க வேண்டாம்.

ஒப்பீட்டு வரைபடங்களைப் பார்க்கும்போது ஒரு செய்தியில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு இடையில் கார்டே ஊகித்துச் செருகும் பிரேம்களையும் எண்ணிக்கையில் சேர்த்து "இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகம்" என்று காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. செருகப்பட்ட பிரேம் படத்தை வழவழப்பாக்கும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்காது, சற்றே கூட்டவும் செய்யும். அடிப்படை வேகம் 60 பிரேம் அளவில் இருந்தால் அது நல்ல வசதி; 25 பிரேமில் திணறும் விளையாட்டை அது காப்பாற்றாது. ஆகவே செருகல் இல்லாத சராசரியையும், மிக மெதுவான பிரேம்களின் வேகத்தைக் காட்டும் "1 விழுக்காடு தாழ்வு" என்று தரப்படும் எண்ணையும் ஒப்பிடுங்கள். திக்கல் தெரிவது இரண்டாவது எண்ணில்தான்.

பிறகு விலையை வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 32,000 ரூபாய்க் கார்டு உங்கள் விளையாட்டில் சராசரி 80 பிரேம் தந்தால் ஒரு பிரேமுக்கு 400 ரூபாய். 38,000 ரூபாய்க் கார்டு 90 பிரேம் தந்தால் ஏறத்தாழ 422 ரூபாய். இவ்வளவு நெருக்கமாக வந்தால், நினைவகம் அதிகமுள்ளதை எடுப்பதே முறை. பத்து விளையாட்டுகளின் பொதுச் சராசரியைவிட, நீங்கள் எழுதி வைத்த இரண்டு மூன்று விளையாட்டுகளின் எண்களே இந்தக் கணக்குக்கு ஏற்றவை.

ஆறாம் படி: அறையும் கரண்டும்

கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் உங்கள் அறையில் வெப்பமாகவே வெளியேறும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் மின்விசிறிக் காற்றே சுடும். அறை வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அத்தனை டிகிரி ஏறும். குளிரூட்டப்பட்ட அறையில் 68 டிகிரி காட்டிய கார்டு இங்கே 80ஐ நெருங்கி, மின்விசிறிகள் இரைந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரே சிப்பை இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு குளிர்விப்போடு விற்கும்போது, ஓரிரு ஆயிரம் கூடுதலானாலும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் பெரிதாக உள்ளதை எடுங்கள். முன்பக்கம் முழுக் கண்ணாடியாக மூடிய கேபினட்டைத் தவிர்த்து, வலைத்தகடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி போன்ற தறி ஓடும் பகுதிகளில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்கின் இடுக்குகளில் மெத்தைபோலப் படியும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டியுள்ள வீடுகளுக்கு வேறு வகை நுண்தூசி. இங்கெல்லாம் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ள கேபினட் அவசியம். மாதம் ஒருமுறை அதைக் கழுவி, நன்கு உலர்ந்த பிறகே மாட்டுங்கள். கார்டின் மீது ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடின்றிச் சுழல விடாதீர்கள்.

ஏற்காட்டில் நிலைமை வேறு. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு என்பதால், அதே மின்விசிறி சற்றுக் குறைவாகவே வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் அறை குளிர்ச்சியாக இருப்பது அதை ஈடுகட்டிவிடுகிறது. அங்கே கவலைப்பட வேண்டியவை மூடுபனியும் இடியும்தான். பனி புகும் சன்னல் ஓரத்தில் கணினியை வைக்காதீர்கள். இடி இறங்கும் மாலைகளில் பிளக்கை மட்டுமன்றி இணையக் கேபிளையும் கழற்றி வையுங்கள். சேலத்தில் பொருத்திய கணினியை மலைக்கு எடுத்துச் செல்வதானால், கார்டைத் தனியே கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிலோ எடையுள்ள கார்டு ஸ்லாட்டை ஆட்டிக்கொண்டே வருவது நல்லதல்ல.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை வாட் என்று எண்ணிவிடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட் இழுக்கும் கணினிக்கு அது விளிம்பில் நிற்கும். 1,000 விஏ அளவு பாதுகாப்பானது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாகவும், யுபிஎஸ் முறையில் வைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் புதிய எஸ்எம்பிஎஸ்கள் சில முரண்டு பிடிக்கும். மின்கணக்கையும் போட்டுவிடலாம்: 300 வாட் கணினியில் தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதக் கணக்கில் 54 யூனிட். 145 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் இடையிலான வேறுபாடு அதில் 8 யூனிட் அளவுதான். கரண்ட் செலவுக்காகக் கார்டை மாற்ற வேண்டியதில்லை, வெப்பத்துக்காக மாற்றலாம்.

ஏழாம் படி: வாங்குவது

சேலத்துக் கடைகளிலும், இணையத்திலும், சென்னை ரிச்சி தெருவிலும், பெங்களூரு எஸ்பி ரோட்டிலும் ஒரே நாளில் விலை கேட்டுப் பாருங்கள். சொல்லப்படும் விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியதா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பில் இல்லாமல் தருவதாகச் சொல்லப்படும் குறைந்த விலை வாரண்டியையும் சேர்த்தே குறைக்கிறது. வேற்றூரில் ஆயிரம் ரூபாய் குறைவென்றால், பழுதானால் அங்கேயே கொண்டுபோக வேண்டுமா, உள்ளூர்க் கடையே வாங்கி அனுப்புமா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். உள்ளூர்க் கடை பொறுப்பேற்றால் அந்த ஆயிரம் தகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கார்டைக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் தரக்கூடாது. எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் 2022 செப்டம்பரில், கார்டுகளைக் கொண்டு நாணயம் ஈட்டும் (மைனிங்) முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாம் கெட்டுப்போனவை என்று சொல்லிவிட முடியாது. மின்விசிறியும், சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கார்டின் பெயரைச் சரிபாருங்கள்; பழைய சிப்புக்குப் புதிய பெயர் ஏற்றி விற்கப்படும் போலிகள் பலவற்றை அது அடையாளம் காட்டும். பிறகு ஒரு கனமான விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா, வெப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல நிலையில் கிடைத்தால் இன்றும் வாங்கத் தக்கது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, அவற்றை விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பொருத்தியதும்

பழைய டிரைவரை நீக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு கார்டைப் பொருத்துங்கள். ஸ்லாட்டின் கொக்கி ஓசையோடு பூட்டிக்கொள்ள வேண்டும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டிலேயே செருகி வைத்துவிட்டு, புதிய கார்டு வேகமே இல்லை என்று கடைக்குத் திரும்புபவர்கள் ஏராளம். விண்டோஸ் அமைப்பில் ஹெர்ட்ஸ் எண் 60லேயே நின்றிருந்தால் உங்கள் மானிட்டரின் எண்ணுக்கு மாற்றுங்கள். பயாஸில் ரீசைசபிள் பாரை இயக்குங்கள்.

ஜிபியு-இசட்டில் ஸ்லாட் எந்தத் தலைமுறையில், எத்தனை பாதையில் ஓடுகிறது என்பதை விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள்; சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக் காட்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டினால், கார்டைக் கழற்றிப் பிராசசருக்கு அருகிலுள்ள முதல் ஸ்லாட்டில் மீண்டும் பொருத்துங்கள். முதல் வாரத்தில், கடையின் மாற்றித்தரும் காலம் முடிவதற்குள், நீங்கள் எழுதி வைத்த விளையாட்டுகள் ஒவ்வொன்றையும் பிற்பகல் வெயில் நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டி, வெப்பத்தையும் பிரேம் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் பில்லையும் வாரண்டி முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் மீதுள்ள வரிசை எண் கார்டின் பின்புறம் ஒட்டிய எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதை அன்றே பார்த்து, இரண்டையும் படமெடுத்து வையுங்கள்.